மீதிக் கலிமா

…தண்ணீர்தான் கேட்கிறார், தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், வேறு எதையும் கேட்டுவிடக் கூடாது எங்கள் சாமியே, பெரியசாமி, என்று நினைத்துக்கொண்டே பாவாயி கொட்டாங்குச்சியில் மறுபடியும் வெந்நீர் எடுத்து ராவுத்தரின் உதட்டோரம் சாய்த்தாள், கோணிப்போன வாய் வழியாக அது அப்படியே கழுத்துக்கு வழிந்தது. லா… என்றார். மறுபடியும், லா… காலையில் மிளகு மூட்டைக்குக் கயிறு கட்டக் குனிந்த மனுஷன், குனிந்தவாக்கிலேயே சாய்ந்துவிட்டார், ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. சேந்தமங்கலத்திலிருக்கும் அவர் தம்பியைக் கூட்டிவர அவள் புருஷன் சின்னராசு அப்போதே இறங்கி ஓடினான், இந்த மழையில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்கே உச்சிப்பொழுது ஆகிவிடுமே, ஏறி வருவது எப்போது, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த வீட்டுப் பெருமாயி வாசலோடு நின்றாள், உள்ளே கால் வைக்கவில்லை. "தண்ணி ஊத்துறதோட நிறுத்திக்க பாவாயி. மத்தத அவிய சனம் வந்து பாத்துக்கட்டும். நாளைக்கு நாட்டுக்கூட்டத்துல பெரியவங்க முன்னால நிக்கப்போறது நீதான்." சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

அவர் கேட்பது தண்ணீர் இல்லை என்று பாவாயிக்குத் தெரியாதா என்ன, தெரியும், அதனால்தான் மறுபடி மறுபடி தண்ணீரையே சாய்த்துக்கொண்டிருந்தாள். மிளகு பறிக்கிற காலமெல்லாம் நத்தர்சா ராவுத்தர் கழுதைகளில் உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு வருவார், பாவாயி வீட்டு மாட்டுக் கொட்டாயில் தங்குவார், படுக்கும்போது தினமும் அந்தக் கலிமாவைத்தான் வாய்விட்டுச் சொல்வார். கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டது. ஒரு தடவை அவள் மகள் கண்ணாயி விளையாட்டாக, லாயிலாஹ, லாயிலாஹ என்று கத்திக்கொண்டு ஓடினாள், கோபமே வராத மனுஷன் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "பாதியில விடாத கண்ணு. பாதியோட நின்னா ஆண்டவனே இல்லைன்னு ஆயிப்போகும். இல்லல்லாஹ்னு முடிச்சாத்தான் அல்லாவைத் தவிர இல்லைன்னு ஆகும். முழுசாச் சொல்லு, இல்லாட்டி சொல்லாத." அதில் அப்படி என்னங்க இருக்குது என்று பாவாயி கேட்டதற்கு, அதுதான் எல்லாம் என்றார், நாங்க முஸ்லிம்னு சொல்றதே அதை வெச்சுத்தான், கடைசி மூச்சு அதுமேல போகோணும், அதுக்குத்தான் தினம் சொல்லிப் பழகுறேன் என்றார். பாதையில் கரடி எதிரே வந்தபோதுகூட அதைச் சொல்லிக்கொண்டு நின்றதைச் சிரித்துக்கொண்டேதானே சொன்னார்… பயம் என்பதையே அந்தக் கண்ணில் அவள் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறாள். லா… லா… நாக்கு அதற்குமேல் போகவில்லை, இல்லை என்கிற இடத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார், கண் மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

மீதியை நானா சொல்வது, என் வாயாலா? அல்லாவைத் தவிர இல்லை என்று சொன்னால், அங்கே மேலே காட்டுக்குள் நிற்கிற பெரியசாமி எங்கே போவார், அவருக்குக் காது கேட்காதா, போன தையில் கிடா வெட்டிக் கும்பிட்ட வாய்தானே இது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போய் நிற்பேன், நாட்டுக்கூட்டம் ஒதுக்கி வைத்துவிட்டால் கண்ணாயியை யார் கட்டுவார்கள்… சரி, சொல்லிவிடுகிறேன் என்றே வைத்துக்கொள், சொல் தப்பிப்போனால்? அந்தப் பாவம் அவர் தலையில் விடியாதா? மாதத் தீட்டுக்கு ஒதுங்கி முட்டு வீட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தானே உள்ளே வந்தேன், இந்த வாய் அதற்கு ஆகுமா, ஆகாதா, யாரைக் கேட்பது? கதவைச் சாத்தினாள். எதற்குச் சாத்தினோம் என்று யோசித்தாள், மறுபடி திறக்கப் போனாள், அதற்குள் அவர் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது, லா என்பதுகூட இப்போது வரவில்லை. இவர் 'இல்லை'யோடு போய்விடுவார். தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும்… அவள் மண்தரையில் மண்டியிட்டு அவர் காதோரம் குனிந்தாள், சொன்னாள். லாயிலாஹ இல்லல்லாஹ், முகம்மதுர் ரசூலுல்லாஹ். பிறகு இன்னொரு தடவை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோலப் பிய்த்துப் பிய்த்து. கோணல் உதடு அசைந்தது, ஒரு முணுமுணுப்பு, விழாத கையில் ஆள்காட்டி விரல் லேசாக நிமிர்ந்தது. கண் அவளை விட்டது. கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது, மூச்சு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் அடங்குகிற நேரத்துக்குச் சின்னராசுவும் ராவுத்தரின் தம்பி தாவூதும் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்கள், பின்னாலேயே பெருமாயியும் எட்டிப் பார்த்தாள். தாவூது அண்ணன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார், அழவில்லை, மூட்டையைக் கேட்கவில்லை, என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. பாவாயி பக்கம் திரும்பிய அந்தக் கண்ணிலும் மத்தியானம் பார்த்த அதே பயம். "அம்மா… கலிமா சொன்னாருங்களா?"

"சொன்னாருங்க."

"முழுசாவா?"

சின்னராசு அவளையே பார்த்தான். பெருமாயியும்தான். "முழுசாத்தானுங்க. நான் காதுல சொன்னேன், அவரு சொன்னாருங்க," என்றாள். தாவூது அல்ஹம்துலில்லாஹ் என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அப்போதுதான் தேம்பி அழ ஆரம்பித்தார். பெருமாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நகர்ந்தாள், விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், கூட்டம் கூடும், கேட்பார்கள், கேட்கட்டும்… அவர் நிஜமாகவே சொன்னாரா? அந்த முணுமுணுப்பில் அவர் குரல் எவ்வளவு, என் குரல் எவ்வளவு? தெரியவில்லை. ஆனால் பாவாயியை அலைக்கழித்தது அது இல்லை. காலையிலிருந்து கூடவே இருந்த பயம், காதோரம் குனிந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மட்டும் எங்கேயோ போயிருந்தது, போயிருந்தது என்பதே இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, எங்கே போயிற்று, ஏன் போயிற்று, யாரிடம் இதைக் கேட்பது…