இறங்கு சீட்டு

என் மனைவி வசந்தாமணி ஆற்றில் பரிசல் ஏறிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஏறு சீட்டைப் படித்துறையிலேயே மேசை போட்டுக் கொடுத்தார்கள். இறங்கு சீட்டை நகராட்சி அலுவலகத்தில் வாங்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாதது எங்கள் தவறுதான்.

நான் ஏறவில்லை. இரண்டு பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். பரிசல் ஓட்டுகிறவர் நகராட்சி ஊழியர். அவருக்குச் சீட்டு தேவையில்லை. ஐந்தே முக்காலுக்கு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து பரிசல் கரைக்குப் பத்தடி தள்ளி, ஒரே இடத்தில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாத்திரங்கள் மிதக்கத் தடையில்லை. காலையில் தூக்குப்போசியில் இட்லி வைத்து ஆற்றில் விடுவேன். அது நேராக அவளிடம் போகும். அவள் கழுவி விட்டால் நேராக என்னிடம் வரும்.

"சட்னி புளிச்சுப் போச்சுங்க" என்றாள்.

"வெயிலு அப்படி அடிக்குது."

"என்னிக்கு எறக்கி உடுவீங்க?"

"கேட்டுட்டு வாரேன், அம்மிணி."

அலுவலகத்தில் பதினாலாம் எண் அறை. முதல் நாள் தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் நடந்ததுமே அறை வந்துவிட்டது. மறுநாள் அரை மணி நேரம் நடந்தேன். அடுத்த வாரம் தாழ்வாரத்துக்குள் டவுன் பஸ் விட்டார்கள். சொத்து வரி, பிறப்பு இறப்பு, குடிநீர் இணைப்பு என்று நிறுத்தங்கள். குறை சொல்லக் கூடாது. நேரத்துக்கு வருகிறது, ஜன்னலோரம் இடமும் கிடைக்கிறது.

பதினாலாம் அறையில் நாச்சிமுத்து என்ற எழுத்தர் இருந்தார். தங்கமான மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ நின்றது. அதுதான் ஆணையர். போன மாதம் வரை மனிதராக இருந்தாராம். பீரோ ஆன பிறகு கோப்புகள் வேகமாக நகர்வதாக ஊரில் நல்ல பெயர்.

நாச்சிமுத்து என் படிவத்தைப் புரட்டினார்.

"எல்லாஞ் செரிங்க. அங்க அடையாளம் ரெண்டு கேட்டிருக்குது. ஒண்ணுதான் எழுதியிருக்கறீங்க."

"தாடையில மச்சமுங்க. அது போதாதுங்களா?"

"தாடையில மச்சம் வெச்சுட்டு வேற யாராச்சும் எறங்கிட்டா என்னங்க பண்றது?"

நியாயமான கேள்வி.

"வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துருங்க. அன்னிக்கு அணையில தண்ணி தொறக்கறாங்க. பரிசலு எல்லைக்கல்லத் தாண்டீருச்சுன்னா உங்க ஊட்டுக்காரம்மா பக்கத்து நகராட்சியச் சேர்ந்துருவாங்க. அப்பறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

பக்கத்து நகராட்சியில் எனக்கு யாரையும் தெரியாது.

படித்துறைக்கு ஓடினேன்.

"உனக்கு ரெண்டாவது அங்க அடையாளம் என்ன?"

அப்போது அவள் முதுகு தெரிந்தது. முகம் சுற்றி வரும்வரை காத்திருந்தேன்.

"கலியாணமாகி இருவத்தாறு வருசமாச்சு. என்னையவே கேக்கறீங்க?"

"அவசரம்னு கேட்டேன்."

"நீங்களே சொல்லுங்க, பாப்போம்."

முகம் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். அவளைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். ஆனால் அவள் கழுத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும்? குதிகால் எப்படி இருக்கும்? ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தெரிந்ததையெல்லாம் எழுதி, வியாழக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன்.

நாச்சிமுத்து சத்தமாகப் படித்தார்.

"'பூனையை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குள் தலையாட்டிக்கொள்வார். நான் ஊருக்குப் போனால் பேப்பரைப் படிக்காமல் எனக்காக மடித்து வைப்பார்.' இதெல்லாம் அங்கத்துல வருமுங்களா?"

"தெரியலீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க."

தாளைப் பீரோவின் முன் நீட்டினார். பீரோவின் கைப்பிடி லேசாக ஈரமானது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"ஆணையருக்கும் வருத்தந்தானுங்க. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா."

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத நாஞ் சொல்லக் கூடாதுங்க. உங்க பேருலயும் ஒரு மனு இருக்குது."

நனைந்து காய்ந்த ஒரு தாளைக் காட்டினார். மனுதாரர்: வசந்தாமணி. கோரிக்கை: கரையில் நிற்கும் என் கணவரைப் பரிசலில் ஏற அனுமதிக்க வேண்டும். அங்க அடையாளம் ஒன்று: இடது கெண்டைக்காலில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. இரண்டு: அந்த வரி காலியாக இருந்தது.

"அவங்களுக்கும் ரெண்டாவது தெரியலீங்க. அதனால நிறுத்தி வெச்சிருக்கறோம்."

மனு போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் அவள் என்னிடம் சட்னியைப் பற்றித்தான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் திறந்தார்கள். பரிசல் சுற்றிக்கொண்டே கிளம்பியது. நான் கரையோரமாகக் கூடவே நடந்தேன். நூறடி தள்ளி எல்லைக்கல் தெரிந்தது. அதன்மேல் நாச்சிமுத்து இரண்டு மனுக்களோடும் முத்திரையோடும் உட்கார்ந்திருந்தார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் வசந்தாமணி.

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா."

திரும்பினேன்.

"காதுக்குப் பின்னால சின்னதா ஒரு மச்சம் இருக்குது."

"அப்படியா? எனக்கே தெரியாது."

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

நாச்சிமுத்து எழுதி முத்திரை குத்தினார்.

"உங்களுது பாஸுங்க. நீங்க ஏறிக்கலாம். அவங்களுக்கு மட்டும் ஒரு வரி பாக்கி. அதச் சொல்லீட்டீங்கன்னா அவங்க எறங்கிக்கலாம். வெரசாச் சொல்லுங்க."

நான் அவளைப் பார்த்தேன். பரிசல் அவளைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. முதுகு. தோள். மூன்றாவது சுற்றில் அவள் கூந்தலைத் தூக்கி முடிந்தாள். பின்கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், நகத்தளவு ஒரு பழுப்பு மறு. இருபத்தாறு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

எல்லைக்கல்லுக்கு இன்னும் நாலடி இருந்தது.

"எழுதட்டுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இங்கிருந்து செரியாத் தெரியலீங்க" என்றேன். "கிட்டப் போய்ப் பாக்கோணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.