சொன்னவர் பெயர்

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக உள்ளே வந்து, தங்கையின் மேசைமேல் கைப்பேசியை வைத்துவிட்டு, "இதை யாருடி போட்டது?" என்றாள்.

சின்னவளுக்கு அக்கா கத்தினால் பயமில்லை. கத்தி முடித்ததும் சிரித்துவிடுவாள். இப்படித் தணிந்த குரலில் கேட்டால்தான் ஆபத்து.

சின்னவளுக்கு வேலை வீட்டிலேயே. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கட்டுரையை எப்படியோ எழுதிவிடுவார்கள். எந்தச் செய்தியை யாரிடமிருந்து எடுத்தோம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று கடைசியில் ஒரு மேற்கோள் பட்டியல் வரும் பாருங்கள், அதை ஒழுங்காகப் போடத்தான் அவர்களுக்குப் பொறுமை இருக்காது. ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் பெயருக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டும். இன்னொன்றுக்கு அதைக் கண்டாலே ஆகாது. புது மாமியார் வீட்டுக்குப் போன மாதிரிதான். நியாயம் கேட்கக் கூடாது, சொன்னதைச் செய்துவிட வேண்டும். சின்னவள் செய்வாள். எங்காவது ஒரு வரி அரைகுறையாக நின்றால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா தண்ணீர் ஆராய்ச்சிக்காரி. சாய ஆலையைச் சுற்றியிருக்கும் கிணறுகளில் என்ன கலந்திருக்கிறது என்று வருஷக்கணக்கில் குடுவை குடுவையாக மொண்டு வந்து சோதித்து எழுதியிருந்தாள். பட்டியலைத் தங்கைதான் சரிபண்ணிக் கொடுத்தாள். போன வாரம் பத்திரிகைக்குப் போனது. இன்று காலை, அச்சிடலாமா என்று படித்துச் சொல்கிற மதிப்பாளர்களின் பார்வைக்கு அனுப்பிவிட்டோம் என்று அங்கிருந்து தகவல் வந்திருந்தது. மதியம்தான் அக்கா கட்டுரையைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

பட்டியலின் நடுவே ஒரு மனிதரின் முழுப்பெயர். பம்ப் இயக்குபவர், சாய ஆலை, நேரில் சொன்ன தகவல்.

அது அவர்களுடைய சித்தப்பா.

"நீ 'தொழிலாளி ஒருவர் சொன்னது'ன்னு மட்டும் விட்டிருந்தே," என்றாள் சின்னவள். "அந்தப் பத்திரிகைக்குச் சொன்னவங்க பேரும் வேலையும் கண்டிப்பா வேணும்க்கா. இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அதான்..."

"நான் மறந்துட்டேன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தாள். மழை பெய்யும் ராத்திரிகளில் கழிவைத் திறந்துவிடச் சொல்கிறார்கள் என்று சித்தப்பா சொன்னது இந்த வீட்டுச் சமையலறையில். டீ போட்டுக் கொடுத்தவளே அவள்தான். பெயர் தெரிந்திருக்கும்போது 'ஒருவர்' என்று விடுவதா என்று கை தன்பாட்டுக்கு நிரப்பிவிட்டது. புத்தி முழுக்கக் காற்புள்ளியில் இருந்தது.

"அனுப்பறதுக்கு முன்னாடி நீயாவது ஒரு தடவை பாத்திருக்கலாமேக்கா."

"நீ செஞ்சதை நான் என்னிக்குடி பாத்திருக்கேன்?"

அந்த வார்த்தை அறைந்ததைவிட வலித்தது.

அந்த ஆலையில் முன்பு ஒரு ஃபோர்மேன் இருந்தார். கழிவைப் பற்றி வெளியே பேசினவர். ஒரு நாள் கழிவுத் தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தார். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அவருக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாதே என்று சித்தப்பா வீட்டுக்குள் மட்டும் சொன்னார், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

அக்கா பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்லவள், விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தி வெச்சுட்டேன் மேடம். இனிமே யாருக்கும் போகாது. ஆனா ஒரு மதிப்பாளர் காலையிலேயே ஃபைலை இறக்கிட்டார்."

"யாரு?"

"அது சொல்லக் கூடாது மேடம். மதிப்பாளர் பேரு ரகசியம்."

"படிக்கிறவர் பேரு ரகசியம். உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுச் சொன்னவர் பேரு மட்டும் அச்சுல வரணும். நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!"

ஃபைலை அழிக்கச் சொல்லி அவருக்கு எழுதுகிறேன், பதில் வந்தால் உடனே தெரிவிக்கிறேன் என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண்.

சித்தப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. சாயங்கால ஷிப்டுக்குப் புறப்படும் நேரம். அக்காவும் தங்கையும் ஓடவில்லை. ஓடினால் யாராவது பார்ப்பார்களே. கடைக்குப் போகிறவர்கள் போலவே நடந்தார்கள். சின்னவளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் தன்னை உரசிக்கொண்டு போவது போலிருந்தது.

சித்தப்பா கண்ணாடி முன் நின்று ஆலைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். "வா பொடிசு! என்ன, மூஞ்சி கழுவாம வந்துட்டியா?"

சின்னவள் சொன்னாள். அக்காவைச் சொல்ல விடவில்லை. தான் செய்ததைத் தானே சொன்னாள். சொல்லும்போது அவருடைய விரல் ஒரு பித்தானிலேயே நின்றுவிட்டது.

சித்தி அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். "அறிவிருக்கா உனக்கு? படிச்ச புள்ளைதானே நீ?"

"விடு," என்றார் சித்தப்பா. அவர் முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் சின்னவளைப் பார்த்து, "பேரைத் தப்பில்லாம போட்டியா? ஆபீஸ்ல சம்பளச் சீட்டுலகூட ஒழுங்கா போடமாட்டானுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"இப்ப நான் வேலைக்குப் போகட்டுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

எதற்கும் விதி வைத்திருக்கிறவள் சின்னவள், இப்போது அக்காவைப் பார்த்தாள்.

அக்காவின் கைப்பேசி அதிர்ந்தது. பத்திரிகைப் பெண். அக்கா உரக்கப் படித்தாள்: மதிப்பாளர் விலகிக்கொண்டார். அந்த ஆலைக்குத் தாம் ஆலோசகராக இருப்பதால் இந்தக் கட்டுரையை மதிப்பிடுவது முறையாகாது என்றும், ஃபைலை அழித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

"அப்பாடா," என்று சித்தி நெஞ்சில் கை வைத்தாள். "நேர்மையான மனுஷன்."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆலைக்கு ஆலோசகர் ஒருவர்தான். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும்.

"முறைப்படி விலகிட்டாரே. முழுசாப் படிச்சிருக்க மாட்டார், இல்ல?" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, எங்க ஆளுங்க எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதல்ல பட்டியலைத்தான் பாப்பாங்க. தன் பேரு இருக்கான்னு."

"அவர் பேரு இருக்கா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். சின்னவளுக்குப் பட்டியல் கண்முன் நின்றது. அகர வரிசையில் அடுக்கியவள் அவள். அந்த ஆலோசகரின் பழைய கட்டுரை ஒன்று அதில் உண்டு. அதற்கு நேர்மேல் வரி சித்தப்பா.

"இருக்கு," என்றாள். "உங்க பேருக்குக் கீழேயே."

சித்தப்பா மெதுவாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதிக்கிறது, இன்றைக்கு வரமுடியாது என்றார். பழைய போன், மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. லீவு என்றால் நாலு வசவு விடுகிற மனிதர் இன்று திட்டவே இல்லை.

"அதுக்கென்னப்பா, நல்லா ரெஸ்ட் எடு," என்றது குரல். கொஞ்சம் நின்று, "வீட்டுலதானே இருக்கே?"

சித்தியின் ஈரக்கை சின்னவளின் கையைப் பற்றிக்கொண்டது.

சித்தப்பா மூச்சை இழுத்துவிட்டார். "இல்ல சார். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். கூட்டமா இருக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவர் வைத்துவிட்டார்.

சித்தி அடுப்பை அணைத்தாள். அக்கா, தன் ஆராய்ச்சி நிலையக் குடியிருப்புக்குப் போய்விடலாம், வாசலில் காவல் இருக்கிறது என்று முணுமுணுத்தபடி மாற்றுத்துணியைப் பையில் திணித்தாள். சித்தப்பா ஆணியில் தொங்கிய சட்டையை ஒருமுறை பார்த்தார், எடுக்கவில்லை.

பின்கதவைச் சின்னவள்தான் திறந்தாள். "நான் முதல்ல போறேன்," என்றாள்.

"நீ எதுக்குடி," என்றாள் அக்கா.

அவள் காதில் வாங்காமல் சந்தில் இறங்கினாள். கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடியபடியே நின்றிருந்தது, அதன்மேல் ஆளில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒருவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்து, அவளைத் திரும்பியும் பாராமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

வண்டிச் சத்தம் முழுசாக அடங்கும்வரை பொறுத்திருந்து, பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"வாங்க சித்தப்பா."