அப்துல் ஸமட் முதலாளி தந்த கதவு

1

முப்பத்தேழு ரூபா ஐம்பது சதம். வயல் வரம்பு கட்டிய கூலியாக அப்துல் ஸமட் முதலாளி எனக்குத் தர இருந்தது அவ்வளவு. அந்தக் காசு கையில் வந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், கல்முனைக் கடலோரத்தின் அழகிய காலைப் பொழுதிலே…’

[விட்டுவிட்டேன். காலையில் எனக்கு முதுகுவலிதான். நாற்பது கடந்து எழுத்துக் கற்றவன். அடித்த வரியை மறைக்கத் தெரியாது, கிடக்கட்டும்.]

2

முதலாளி தோணிக் கொட்டிலின் தார் அப்பிய பழைய கதவைக் காட்டினார். “காசில்ல. இதக் கொண்டு போ, மிச்சத்தப் பொறவு பாப்பம்.”

கடற்காற்றுப் படுகிற எதற்கும் தார் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே என்ன மரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மகள் றஹீமாவுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். எங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வீட்டைக் கட்டி அவள் பெயருக்கு எழுதியும் ஆயிற்று. வாசலில் மட்டும் தென்னோலை பின்னிய கிடுகுத் தட்டி. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள்.

“இந்தக் கரிச்சட்டியையா மாட்டப் போறீங்க?” என்றாள் மனைவி ஹாஜறா. “மாப்பிளைட உம்மா தொட்டா கையில ஒட்டிக்கும்.”

3

[இது நீண்ட வேலை. உங்களுக்குச் சுருக்குகிறேன், எனக்கு யாரும் சுருக்கித் தரவில்லை.]

மண்ணெண்ணெயில் நனைத்த சாக்கை விரித்துத் தாரை இளக்கி, உடைந்த போத்தல் ஓட்டால் வழித்தேன். தாருக்குக் கீழே பச்சைப் பெயின்ற். சாம்பலும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன், கை வெந்தது. அதற்கும் கீழே…

யாரோ செதுக்கிய பெயர் ஒன்றை இங்கே வைக்க ஆசைப்பட்டேன். பொய். மரம்தான் இருந்தது. தேன் நிறத்தில், வெயில் பட்டதும் மினுங்குகிற முதிரை, காசுள்ளவர்கள் வீட்டு மரம்.

ஹாஜறா வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். “ஒட்டல்ல,” என்றாள்.

4

கதவை மாட்டிய மறுநாள் முதலாளி வந்து அதன் மினுக்கத்தைப் பார்த்து நின்றார். [அவரைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். எத்தனையோ தரம் வெற்றிலை தந்த மனிதர், அப்படி எழுத வரவில்லை.]

“அறுபது ரூபா தாறன். கழட்டு.”

கல்யாணச் செலவு கண்முன் நின்றது. ‘ஓம்’ என்று சொல்லியிருப்பேன். உள்ளிருந்து றஹீமா கதைத்தாள்:

“வாப்பாக்கிட்ட ஏன் கேக்கீங்க மாமா? இது என்ட வீடு. கதவும் என்ட.”

முதலாளி சிரித்துவிட்டார். “அப்ப நீ சொல்லு மகள், என்ன விலை?”

“விக்கல்ல. கல்யாணத்துக்கு வாங்க.”

5

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா கதவைத் தொட்டு என்ன சொன்னார்? நீங்களே எழுதுங்கள். நல்லதாக எழுதுங்கள், பிழையாகாது.

இதை மட்டும் நான் எழுதுகிறேன். கதவுக்கு விலை கேட்டு வந்த அன்று, படியிறங்கிய முதலாளி திரும்பினார். “அப்ப உன்ட மிச்சக் கூலி?”

“கதவோட கழிஞ்சிச்சி, முதலாளி,” என்றேன்.