பெர்மெத்தைத் தெரியுமா என்று கேட்ட பொத்தான்

1

இந்தக் கதை என் குற்ற உணர்விலிருந்து பிறந்தது. அந்த மாதத்துக்கான என் ஒரே பரிந்துரையை நான் ஒரு தர்பூசணி வியாபாரிக்குக் கொடுத்துவிட்டேன். அது என்ன பரிந்துரை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு நல்ல தொடக்கம் வேண்டும்.

சீனாவின் லான்ஜோவில் மஞ்சள் நதி செப்டம்பர் வெயிலில்…

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நதியில்தான் குதிக்கிறார்கள்.)

வெளிநாட்டு மாணவர் விடுதியின் மூன்றாம் மாடியில், மாலை நாலரை மணிக்கு, பெர்மெத் ஒரு கதவை உதைத்தாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கிர்கிஸ்தானின் நரினிலிருந்து வந்து இரண்டே நாளான பெர்மெத், மூன்று வருடம் சீனம் படித்தவள். எந்த வகுப்பில் சேர வேண்டும் என்பதற்கான படிவம் புதியவர்களுக்கான அரட்டைச் செயலிக் குழுவில் இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் நிரப்பாதவர்கள் ஓராண்டு முழுக்க முதல் வகுப்பில் உட்கார்ந்து, 'வணக்கம், நான் மாணவன்' என்று ஒப்பிக்க வேண்டும். தனக்குச் சீனம் தெரியும் என்று ஆசிரியையிடம் நேரிலேயே போய்ச் சொன்னாள். "குழுவில் போடும்மா" என்றார் அவர்.

குழுவுக்குள் போகக் கணக்கு வேண்டும். இதன் வேலைமுறை அழகானது, பொறுமையாகக் கேளுங்கள். புதுக் கணக்கு தொடங்கினால் உங்கள் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். ஆறு மாதப் பழைய கணக்கு உள்ள ஒருவர் அதைத் தன் போனில் படிக்க வேண்டும். 'இவரைத் தெரியுமா?' என்று அவர் திரை கேட்கும். அவர் 'தெரியும்' என்று அழுத்தினால் நீங்கள் உள்ளே. இந்த அழுத்தல்தான் நான் சொன்ன பரிந்துரை; ஒருவர் மாதத்துக்கு ஒருவருக்குத்தான் அழுத்தலாம். ஆக, நண்பர் இருந்தால்தான் செயலி. நண்பர்களோ எல்லாரும் செயலிக்குள். பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பூட்டிய கதைதான்.

புதியவர்கள் வந்து குவியும் காலம் அது. விடுதியில் பரிந்துரை மிச்சமிருந்தது ஒருவரிடம் மட்டுமே. சட்டத்தில் முனைவர் பட்டம் செய்யும் ஏமன்காரர் ஹம்தான். அவர் கதவைத்தான் அவள் உதைத்தாள்.

கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். மலாவியிலிருந்து வந்த தொகோசானி. காலையில் பதிவு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன். அவனும் இரண்டு வருடம் சீனம் படித்தவன். அவனுக்கும் அதே படிவம்.

"அண்ணே, இவனுக்கு அழுத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இவன எனக்குத் தெரியாதே" என்றார் ஹம்தான். "தெரியாதவனத் தெரியும்னு எப்படி அழுத்துறது? அது பொய்ச் சாட்சிம்மா."

3

(ஹம்தானை நான் சற்று ஊதிப் பெருக்கிவிட்டேனோ என்று சந்தேகம். ஆனால் அவர் விதிமுறையை அடிக்குறிப்போடு படிப்பவர். தர்பூசணிக்காரருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

"சரி, தெரிஞ்சுக்கோங்க" என்றாள் பெர்மெத். "என் பேரு பெர்மெத். நல்ல பொண்ணு."

"நல்ல பொண்ணா? கதவக் கேளுங்க" என்றான் தொகோ.

"இவன் நின்னுக்கிட்டே தூங்குவான் அண்ணே. வரிசை நகரும்போதெல்லாம் நான்தான் தள்ளிவிட்டேன்."

"தள்ளல, குத்துனா. ஆனா என் ஃபாரத்துல தப்பா இருந்தத இவதான் திருத்துனா. அதயும் சொல்லணும்ல."

பெர்மெத் பையிலிருந்து தன் ஊர் 'குருத்' ஒன்றை எடுத்து நீட்டினாள். உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. தொகோ கடித்தான்.

"ஐயோ, கல்லு!"

"கடிக்காத, சப்பு! இதுகூடவா சொல்லித்தரணும்?"

அவன் தன் வறுத்த கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினான். அடுத்த கால் மணி நேரம் ஹம்தான் கேள்வி கேட்கக் கேட்க, ஒருவருக்கான பதிலை மற்றவர் சொன்னார். அவளுக்குக் கோபம் எதனால் வரும், அவன் எதற்குப் பயப்படுவான், எல்லாம்.

ஹம்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"வசமா மாட்டிக்கிட்டேன். இப்ப ரெண்டு பேரையும் தெரிஞ்சுபோச்சு."

மணி 4:52.

4

முடிவு (அ): தொகோ பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிறான். இதை எழுதி அவனிடம் காட்டினேன். "யோவ், நான் அவ்ளோ நல்லவன் இல்லய்யா. எனக்கும் ஒரு வருஷம் போகுமே" என்றான். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): பெர்மெத் ஹம்தானின் போனைப் பிடுங்கி…

(இது நடந்திருக்கக்கூடியதுதான். அதனாலேயே வேண்டாம்.)

முடிவு (இ): ஹம்தான் யாருக்கும் அழுத்தாமல் நேர்மையாக இருக்கிறார், இருவரும் ஓராண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் 'வணக்கம், நான் மாணவன்' பாடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கும். பெர்மெத் என் கதவையும் உதைப்பாள்.

நடந்தது எது என்று கேட்காதீர்கள். உங்களிடம் வேறு ஒன்று கேட்கிறேன். உங்கள் கணக்குக்கு ஆறு மாதம் ஆகிவிட்டதா? இந்த மாதம் யாருக்கும் அழுத்தவில்லையே? நல்லது. இருவரும் போனை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் வாயில் குருத், பேச முடியவில்லை. இன்னொருத்தி பேச்சை நிறுத்தவில்லை. உங்களிடம் இருப்பதும் ஒரே பரிந்துரைதான்.

இவரைத் தெரியுமா?

நிதானமாக யோசியுங்கள். ஆனால் நான் விளக்கிக்கொண்டிருந்ததில் ஐந்து நிமிடம் போய்விட்டது. மணி 4:57.