அவள் ஏறினால் நிற்கும் வண்டி

எஞ்சினுக்கு ராசி கிடையாது. இதை என் வடசேரிப் பட்டறையில் வைத்து வாய் வலிக்கச் சொன்னேன். கார்க்காரன் தாணுமாலயன் கேட்டால்தானே?

"வண்டியில ஒரு குத்தமும் இல்ல மேஸ்திரி. நானும் அம்மையும் போனா திருவனந்தபுரம் வரைக்கும் பறக்கு. அவ ஏறினா ஸ்டார்ட் ஆவுகு, ரெண்டு மைல் ஓடுகு, செத்துப்போவுகு."

அவள் என்றது அவன் பெண்டாட்டி அழகியநாயகியை. கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாண ஊர்வலத்திலேயே வண்டி நின்றதாம். பிறகு அவள் ஏறும்போதெல்லாம் நின்றதாம். நின்றதும் மாமியார் பகவதியம்மாள் அவளை இறக்கி ரோட்டோரம் தள்ளி நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் அந்த வீட்டுக்கு? காலையில் அவள் முகத்தில் விழிக்கக்கூட ஆட்கள் பயந்தார்கள்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினேன். பட்டறையில் வண்டி நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. ஒரு எளவெடுத்த வண்டி என்னை ஏமாற்றுவதா?

"அந்தப் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு வாரும் ஓய். நானும் கூட வாறேன்" என்றேன்.

மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற அன்று வந்தார்கள். பானெட்டிலும் விளக்குகளிலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. பின்னால் ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"அவளுக்குள்ளதுதான்" என்றாள் பகவதியம்மாள் பின்சீட்டிலிருந்து. மருமகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். "இன்னைக்கும் வண்டி நின்னா பத்மநாபபுரத்துல அவ அப்பன் வீட்டுல எறக்கி விட்டிருவோம். அம்மன் மேல சத்தியம் பண்ணியாச்சு. இந்த மூதேவிய வச்சு மாரடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அந்தப் பிள்ளை மீதிச் சந்தனம் இருந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தது. நான் முன்னால் தாணுமாலயன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

பார்வதிபுரம் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"எறங்குட்டி! தள்ளிப் போய் நில்லு!" கிழவி கத்தினாள்.

பிள்ளை கிண்ணத்தோடு இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றது. நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். கார்புரேட்டரில் பொட்டுப் பெட்ரோல் இல்லை. டாங்கில் பாதிக்கு மேல் கிடக்கிறது. அப்படியானால் வழியில் அதை யார் பிடித்து வைக்கிறது? பின்பக்கம் போய் டாங்கு மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் வெளியே போகப் போக டாங்குக்குள் காற்று நுழைய வேண்டும். அதற்காக மூடியில் ஒரு ஊசித் துளை உண்டு. அந்தத் துளையின் மேல் கனமாக ஒரு சந்தனப் பொட்டு!

"இது யாரு வச்சது?"

"நாந்தான்." பகவதியம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வண்டிக்கு வாயி அதுதானே? கல்யாணத்தன்னைக்கு வச்சேன். பெறவு இவ ஏறுத அன்னைக்கெல்லாம் தோசம் கழிய வைக்கேன். வீட்டுக்கு வந்ததும் கழுவிருவேன்."

"நல்லா வச்சிய, போங்க! உங்க பொட்டுதான் வண்டிக்கு மூச்சு முட்ட வைக்கு. இந்தப் பிள்ள ஏறாத அன்னைக்குப் பொட்டும் இல்ல, வண்டியும் நிக்கல்ல. நின்ன பெறவு கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சு உள்ள போவும், வண்டி கெளம்பிரும். இதுக்கா இவளப் போட்டு இந்த வதை வதைச்சிய?"

 நான் கிழவியை மனசுக்குள் என்னவெல்லாமோ திட்டியிருந்தேன். ஆனால் அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்பம் இவ மேல குத்தம் இல்லியாடே?" என்று மகனைக் கேட்டாள். "இனி நிக்காமப் போச்சுன்னா, அம்மன் நடையில இவ கையப் பிடிச்சு மாப்பு கேக்கேன்."

அழகியநாயகி அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். சின்ன முகம். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதடு நடுங்கியது. நான் துளையைக் குத்தி, மூடியைத் துடைத்துப் பூட்டினேன்.

"இனி நின்னா என் பேரு குமாரதாஸ் இல்ல!"

"நீரு ஏறும் மேஸ்திரி. நான் அவளக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்றான் தாணுமாலயன், ரொம்ப இதமாக.

சுங்கான்கடையில் வண்டி நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரும் சொல்லாமலே அழகியநாயகி இறங்கிப் பின்னால் போனாள். நான் ஓடிப்போய் மூடியைப் பார்த்தேன். துளையின் மேல் ஈரச் சந்தனம், அழுத்தி வைத்த பெருவிரல் அடையாளத்தோடு. தாணுமாலயன் என் தோளருகே வந்து நின்றான்.

"வேற எடத்துல பெண்ணு பேசி வச்சிருக்கு" என்றான் தணிந்த குரலில். "இவ வேண்டாம்னு நான் சொன்னா ஊரு காறித் துப்பும். வண்டி சொல்லட்டும்."

"சீ! நீரெல்லாம் ஒரு மனுசனாவே?"

உள்ளே கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். "சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரன் பேச்சக் கேட்டு அம்மன் சந்தனத்த அழிச்சேனே! விடுடே பத்மநாபபுரத்துக்கு!"

அவளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைக்கத் திரும்பினேன். அழகியநாயகி குறுக்கே வந்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. என் கையில இருந்த கிண்ணத்துல தொட்டுத்தான் வச்சாரு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"பெறவு ஏம்மா வாயத் தொறக்கல்ல?"

"தொறந்தா பெட்டி எறங்காது, அவ்வளவுதானே. அவருக்கு நான் வேண்டாம்ங்கது மாறுமா?"

கிண்ணத்தை ரோட்டில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"இத்தன நாளும் எல்லாம் என் ராசின்னுதான் நெனச்சேன். பாவம், என்னக் கட்டி இந்த மனுசன் கெடந்து சீரழியுதாரேன்னு அவருக்காவ வெரதம் இருந்தேன். அப்பிடியே இருந்திருப்பேன் அண்ணாச்சி. நீங்க எதுக்குக் கண்டுபிடிச்சிய?"