மைனஸ் இரண்டு

காலையிலிருந்தே யேசுரத்தினத்துக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை அவருடையது. ஒரு கட்டு ஷீட்டையே மூன்று தடவை எடை போட்டார். மத்தியானச் சோற்றில் மீன் இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மூன்றரைக்கெல்லாம் கடையைச் சாத்திவிட்டு ஆலயத்துக்கு வந்து, ஞாயிறுதோறும் தான் வாசிக்கிற கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

இன்றைக்கு மாலை ஆறு மணிக்குள் அவருடைய மகள் ஜாஸ்மி ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் ஆப்பரா சொல்லித்தரப் போகிறார்கள். எட்டுப் பேருக்குத்தான் இடம். அதில் உச்சாணிக் கொம்புவரை ஏறக்கூடிய சோப்ரானோ ஒருத்தி வேண்டுமாம். 'என் உச்ச ஸ்வரம் F' என்று ஜாஸ்மி விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். சும்மா F இல்லை. கீபோர்டின் வலது ஓரத்தில், கட்டைகள் தீரப்போகிற இடத்தில் இருக்கிற F. அதைத் தொடுகிற பெண்கள் உலகத்து மேடைகளிலேயே குறைவு. அந்த உயரத்தில் வார்த்தை கிடையாது, உச்சந்தலை வழியாகக் காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு சத்தம்தான்.

பிள்ளை ஒரு வருடமாக இந்தக் கீபோர்டை வைத்துத்தான் ஏறிப் பழகினாள். ஆனால் அவள் தொட்டது F இல்லை. அது யேசுரத்தினத்துக்கு மட்டும் தெரியும்.

கீபோர்டின் சின்னத் திரையில் வலது மூலையில் ஒரு துண்டு மருந்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, தொடக்கூடாது என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். விரிசலாவது மண்ணாவது. அதற்குக் கீழே 'மைனஸ் 2' என்று இருந்தது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் இரண்டு அரை ஸ்வரம் தாழ்ந்துதான் சத்தம் வரும். மிஷன் காலத்திலிருந்து அந்தச் சபையின் பாடகர் குழு டோ, ரே, மீ என்று எழுதி வைத்துப் பாடுகிறது. கீபோர்டு எங்கே தருகிறதோ அங்கேதான் டோ. அது உண்மையில் எந்த உயரம் என்று கேட்கிற வழக்கமே இல்லை. அதனால் பதினோரு வருடமாக ஒரு சபையே இரண்டு படி கீழே நின்று கர்த்தரைத் துதித்துக்கொண்டிருந்தது. பேஸ் பாடுகிற பொன்னுலிங்கம் மட்டும் கீழ் ஸ்வரம் வரமாட்டேன் என்கிறதே, வயசாகிவிட்டதே என்று கருப்பட்டியும் மிளகுமாகக் கடித்துக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் ஜெயபாய்க்காக. பதினோரு வருடத்துக்கு முன்பு அவருடைய மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. மேல் சத்தம் போகலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், அப்படியே போயிற்று. அந்த டிசம்பரில் கேரல் ஆராதனையில், ஆலயம் நிறைய ஆள் இருக்க, உச்சத்தில் அவள் குரல் காய்ந்த ஓலை மாதிரி கிழிந்தது. பிறகு மூன்று ஞாயிறு அவள் பாடகர் பக்கமே வரவில்லை, பின்பெஞ்சில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யேசுரத்தினத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. நாலாவது ஞாயிறு சத்தத்தைத் தாழ்த்துகிற பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டு, "ஒரு தடவ படிச்சுப் பாரு" என்று கெஞ்சிக் கூப்பிட்டார். வந்தாள், பாடினாள், எட்டியது. அன்று சாயங்காலமே பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் முட்டுக்கொடுக்கும். யூடியூபோடு சேர்ந்து பாடினால் கடைசி ஸ்வரம் எட்டவில்லை என்று ஜாஸ்மி வந்து சொன்னபோது, "போன் ஸ்பீக்கர் செரியில்ல மக்கா" என்றார். பிள்ளை நம்பினாள்.

நாலரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். குழுவில் டெனர் பாடுகிற ரெனிஷ், கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கிறவன், ஸ்டாண்டில் போனைப் பொருத்தினான். ஜெயபாய் மகள் குடிக்கச் சுடுவெள்ளம் கொண்டுவந்தாள். கீபோர்டில் F-ஐ ஒரு தடவை தட்டிக் காட்டிவிட்டுப் பாட வேண்டும் என்பது கல்லூரியின் விதி. யேசுரத்தினம் தட்டினார். ஜாஸ்மி ஏறினாள், ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், கடைசியில் அந்த உச்சியில் போய் நின்றாள். ஆலயத்துக் கண்ணாடி ஜன்னலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது.

"கொள்ளாம்! ஒற்றை டேக்குல முடிஞ்சு," என்றான் ரெனிஷ். "அனுப்பட்டா?"

யேசுரத்தினம் வெளியே போனார். கிணற்றடியில் முகம் கழுவினார், திரும்பி வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். அந்தக் கல்லூரியில் கேட்கப்போகிறவர்கள் சபையார் இல்லை. தட்டிய முதல் சத்தத்திலேயே இது F இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளையைப் பொய்க்காரி என்பார்கள். சொல்லிவிடலாம் என்றால், ஜெயபாய் பிள்ளைக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். பதினோரு வருடம் பாடியது தன் குரலே இல்லை, புருஷன் போட்ட பிச்சை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். இரண்டு பேரில் ஒருத்தியை அவர் இன்றைக்கு அவமானப்படுத்தியே தீரவேண்டும்.

உள்ளே வந்து ரெனிஷிடம், "மக்கா, அனுப்பாத," என்றார். தன் சத்தம் தனக்கே அந்நியமாக இருந்தது.

பிளாஸ்திரியை உரித்தார். யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜாஸ்மிக்குக் கண் நிறைந்தது. "ஒரு வருசமா எனக்க போனத்தானேப்பா குற்றம் சொன்னேன்! ஸ்பீக்கர்னு சொன்னியளே. ஏம்ப்பா இப்பிடிச் செய்திய?"

ஜெயபாய்தான் பேசினாள். "அப்பாவ மட்டும் ஏசாத. எனக்கும் தெரியும்."

யேசுரத்தினம் நிமிர்ந்தார்.

"பின்ன? எனக்க தொண்டைக்குத் தெரியாதா? அந்த வருசமே மார்த்தாண்டத்துல கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனோமே, அங்க வேற கீபோர்டு. இங்க எட்டின அதே பாட்டுதான். எட்டல்ல. வாயத் தொறந்து வச்சிட்டுச் சும்மா நின்னேன். வீட்டுக்கு வந்தா நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்திய. அதக் கெடுக்காண்டாம்னு விட்டேன்." உரித்த பிளாஸ்திரியைப் பார்த்தபடி, "அதும் பாதிதான் உண்மை. எனக்கு எனக்க எடம் வேணும்னு இருந்து. அதான் பிள்ளைக்க காரியத்துலயும் வாய மூடிட்டு இருந்தேன்," என்றாள்.

பிறகு அவளே கையை நீட்டி, ஏற்றுகிற பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள். திரையில் 0 வந்தது.

மணி ஐந்து. ஜாஸ்மி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். யேசுரத்தினம் உண்மையான F-ஐத் தட்டினார். அது எல்லாருக்குமே எங்கேயோ தூரத்தில் கேட்டது. அவள் ஏறினாள். கடைசிப் படிக்கு முன்னாலேயே தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை வாயையே திறக்கவில்லை.

"கிழிஞ்சிரும்மா," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

"கிழியட்டும். இங்கன பாரு," என்றாள் ஜெயபாய்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மகளுக்கு எதிரில் நின்றாள். அந்தப் பழைய கேரலின் உச்ச வரியை, ஜீரோவில், முழுத் தொண்டையும் திறந்து எடுத்தாள். போன டிசம்பர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குரல் கிழிந்தது. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு வெறும் காற்று. முன்வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று. யேசுரத்தினம் காதைப் பொத்திக்கொள்ளப் போனார். ஜெயபாயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தியா ஏட்டி? செத்தா போனேன்? இதுக்குப் பயந்துதானே பதினோரு வருசம்!"

ஜாஸ்மியும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தோள் இறங்கியது. "ப்பா, தட்டுங்கோ," என்றாள்.

இந்தத் தடவை அவள் யாரையும் பார்க்கவில்லை. ஏறினாள். பழகிய உச்சிக்கு வந்தாள், அங்கே நிற்கவில்லை. அதற்கு மேலே இன்னும் இடம் இருப்பது அன்றுதான் தெரிந்த மாதிரி, மெலிசாக, ஆனால் நேராகப் போய் நின்றாள். அதுதானா என்று யேசுரத்தினத்துக்கு நிச்சயமில்லை. கட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தப் பயந்தார். பிறகு அழுத்தினார். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

ஐந்து ஐம்பதுக்கு வீடியோ போயிற்று. இடம் கிடைக்குமா என்பது கல்லூரிக்குத்தான் தெரியும். ஜெயபாய் பிளாஸ்திரியை எடுத்துப் புருஷனின் உள்ளங்கையில் வைத்து, "இத இனி உங்க வாயில ஒட்டுங்கோ," என்றாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு ஜீரோவிலேயே இருந்தது. பொன்னுலிங்கத்துக்குக் கீழ் ஸ்வரம் வந்துவிட்டது. கருப்பட்டியும் மிளகும் வேலைசெய்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். ஜெயபாய் தாழ்ந்த குரல் பெண்கள் நிற்கிற ஆல்ட்டோ பக்கம் போவாள் என்று யேசுரத்தினம் நினைத்திருந்தார். அவள் சோப்ரானோ வரிசையில், மகளுக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்திலேயே நின்றாள். இரண்டாம் சரணத்தின் உச்சியில் அவள் குரல் எல்லாரும் கேட்கும்படி கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. யேசுரத்தினத்தின் விரல் தன்னாலே பொத்தான் பக்கம் போனது. அதை இழுத்து வந்து அடுத்த கட்டையின் மேல் வைத்தார்.