நாலரை மணிப் பூசணிக்காய்

மணி மூன்றரை ஆனால் ஜுல்ஃபிகருக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. பர்மாவில், யாங்கூன் நகரத்துப் பபேடானில், இருபத்தெட்டாம் தெருவில், நூல்கண்டும் பித்தானும் ஜிப்பும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. யாராவது தையல்காரி எதிரே நின்று சிவப்பு நூலில் ஏழு வகை எடுத்துக் காட்டச் சொன்னாலும், கை காட்டிக்கொண்டிருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும். பிறகு கதவைப் பாதி இறக்கி, தொழுகை நேரம் என்று எழுதிய அட்டையை மாட்டுவான். அசர் தொழப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரமெல்லாம் சமையல் என்பது தெருவுக்கே தெரியும்.

“ஜப்பான்காரன் கெளம்பிட்டான்,” என்பார் எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருக்கும் பீர் முகைதீன். “என்ன தம்பி, இன்னைக்கு மீனைப் பச்சையாத் திங்கப் போறியா, வேக வச்சா?”

“வேக வச்சுத்தான் காக்கா.”

“அப்புறம் அதுல என்ன ஜப்பான் இருக்கு?”

ஜுல்ஃபிகர் சிரித்துவிட்டு மாடி ஏறுவான். நாலாவது மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கும். இப்போது நேரே போய்க் கதவைத் திறக்கிறான்.

ருக்சார் அவன் மனைவி. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிடும் வேலைக்குப் போயிருந்தாள். கடை வருமானம் இரண்டு பேருக்கு இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று ஆகிவிட்ட காலத்தில், “போய்ட்டு வரவா மச்சான்?” என்று அவள் கேட்டாள். “உன் இஷ்டம்” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டான். போகாதே என்று சொல்லத்தான் ஆசை. அந்த ஒரு சொல்லை இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

அவள் போன புதிதில் மூன்று வேளையும் பரோட்டாவும் பிரியாணியும் பாலேடு மிதக்கும் டீயும்தான். சர்க்கரை ஏறிப் போய், டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அப்படியொரு சாயங்காலம் அவள் போன் பண்ணி, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டபோது, பொய் சொல்லத் தெரியாமல், “நீ என்ன சாப்பிட்டே, அதைச் சொல்லு,” என்று திருப்பிக் கேட்டான்.

அவள் ஒரு தடவை செருமினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஒரு சின்னக் கிண்ணம் சோறு. சோயா சாறும் இனிப்பும் துளித்துளி விட்டு வேக வைத்த பூசணிக்காய். ஒரு துண்டு தோஹு, அதாவது சோயாப்பால் கட்டி. ஒரு கிண்ணம் சூப்பு. எண்ணெயே கிடையாது.

“இவ்வளவுதானா? இதை நானே வச்சுடுவேனே,” என்றான் ஜுல்ஃபிகர்.

வாய் தவறி வந்த வீராப்பு. ஆனால் மறுநாள் நிஜமாகவே வைத்தான்.

ஜப்பான் சாமான் விற்கிற பெரிய கடைக்கு ஒரு தடவை போனான். மிசோ என்கிற சோயா விழுதுப் பொட்டலத்தின் விலையைப் பார்த்ததும் அதை எடுத்த இடத்திலேயே பயபக்தியோடு வைத்துவிட்டு வந்தான். தெயிஞ்சி சந்தையில் ஷான் மலைக்காரிகள் புளிக்க வைத்த சோயாவைத் தட்டித் தட்டையாகக் காயவைத்து விற்பார்கள். பெபோ என்று பேர். அதை வாங்கிப் பொடித்துக் கரைத்தான். வாசனை வேறாக இருந்தாலும் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. அரிசிக்கு நம் குண்டு போசான் அரிசியே போதும், குழையவிட்டால் ஜப்பான்காரர்கள் சாப்பிடுகிற குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும்.

சூப்புக்குத்தான் என்ன செய்வது என்று யோசனையாக இருந்தது. “மீனைக் கட்டை மாதிரி காயவச்சு, மரம் இழைக்கிற மாதிரி சீவிப் போடுறாங்க மச்சான்,” என்றாள் ருக்சார். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரியில், காயல்பட்டணத்திலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த காய்ந்த சூரை மீன், மாசிக் கட்டை, முழுசாகக் கிடந்தது. அதைச் சீவிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் வீடே கடற்கரையாகிவிட்டது.

ஜப்பான்காரர்கள் பூசணிக்காயில் ஒரு இனிப்புச் சாறு ஊற்றுவார்களாம். அதில் சாராயம் கலந்திருக்குமாம். “நீங்க அதுக்குப் பதிலாக் கருப்பட்டி போடுங்க,” என்றாள். அப்போ நீ என்ன பண்றே என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் பதம் சொல்வதில் படு கறார். பூசணிக்காயை நாக்காலேயே மேலண்ணத்தில் அழுத்தினால் நசுங்க வேண்டும். எதையும் கட்டைவிரல் நகத்தளவுக்கு மேல் நறுக்கக் கூடாது. சூப்பில் சோளமாவு கரைத்துக் கொஞ்சம் கெட்டியாக்க வேண்டும், தண்ணீராக இருக்கக் கூடாது. உப்பு பேருக்கு. அடடா, என்ன நாகரிகமான சாப்பாடு, பல்லுக்கு வேலையே வைக்காத சாப்பாடு என்று ஜுல்ஃபிகர் வியந்துபோனான். மின்சாரம் போகும் நேரம் பார்த்துக் கரியடுப்பில் மத்தியானத்தின் மிச்சத் தணலை ஊதிவிட்டு, பூசணிக்காயை அதன்மேல் வைத்து மறந்துவிடுவான். அது பாட்டுக்குக் கனிந்துகொண்டிருக்கும்.

நாலரைக்கு அவள் போன் வரும். அங்கே ஏழு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாள். படம் வராது, நம் ஊர் இணையத்துக்கு அவ்வளவு சக்தி இல்லை. குரல் மட்டும் வரும், அதுவும் விட்டு விட்டு. ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவான். தெருவில் மாடிக்கு மாடி தொங்குகிற கயிறுகளில், கீழே வந்த தோஹுக்காரியிடம் வாங்கியதைப் பையில் போட்டு மேலே இழுத்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலமென்றால் அந்தப் பைகளெல்லாம் நனைந்து மெல்ல மெல்ல ஆடும். சூப்பின் ஆவி முகத்தில் படக் கண்ணை மூடினால், அவள் ஜன்னல் தெரியும். அங்கே இருட்டிவிட்டது. அந்த இருட்டு இன்னும் இங்கே வந்து சேரவில்லை, கடல் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. வந்து சேரும்போது அது அவளைத் தொட்டுவிட்டு வந்த இருட்டாக இருக்கும். அவனுக்கு அந்த நினைப்பு பிடித்திருந்தது. இரவில் இஷா தொழுகை நேரத்தில் தெரு இருண்டதும், வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவன் பக்கம் குச்சி கிண்ணத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும், இரண்டு தடவைக்கு ஒரு தடவை கீழே விழுகிற சத்தமும் கேட்கும். அவள் பக்கம் ஒரு சத்தமும் கேட்காது. ஜப்பானில் சத்தமில்லாமல் சாப்பிடப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

சர்க்கரை இறங்கியது. இடுப்பில் கைலி நிற்கவில்லை. டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்க, “பூசணிக்காய்” என்றான்.

போன மாதம் அவள் சொன்னாள். “பத்து நாள் லீவுல வரேன் மச்சான். இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. தாளைக் கொண்டுட்டு வரேன். அங்க வந்து யோசிச்சுச் சொல்றேன்.”

“உன் இஷ்டம்,” என்றான், பாழாய்ப்போன வாய்.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கமில்லை. மூன்று வருஷம் என்றால் ஆயிரத்துச் சொச்சம் நாலரை மணிகள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் போட்டதில் ஒரு யோசனை வந்தது. அங்கே அவளுக்கு என்ன பிடித்துப்போயிருக்கும்? அந்த அமைதியான சாப்பாடுதானே. அதையே இங்கே, இந்த ஜன்னலோரத்தில், அதே பதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டால், அதற்காக அவள் கடல் தாண்ட வேண்டியதில்லை. பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் போகாதே என்று சொல்வதைவிடப் பூசணிக்காய் வேக வைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அவள் வருகிற அன்று விடியும் முன்பே பூசணிக்காயை அடுப்பில் ஏற்றினான். கத்தரிக்காயை நகத்தளவு நறுக்கி மாசிச் சாற்றில் வேக வைத்தான். முள் நீக்கிய மீனை ஆவியில் அவித்து உதிர்த்தான். முட்டையைச் சாற்றில் அடித்துக் கலக்கித் தழதழவென்று அவித்தான். பிறகு தான் மட்டும் விறைப்பாக இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனான்.

ருக்சார் மெலிந்திருந்தாள். வாடகைக் காரில் இருவருக்கும் நடுவில் அவள் பை இருந்தது. இரண்டு வருஷம் தினம் பேசிய வாய்கள் இப்போது வெட்கப்பட்டன. மழை வரும் போலிருக்கு என்று இவன் சொன்னான். ஆமா என்று அவள் சொன்னாள். வீட்டுக்குள் வந்ததும் அவள் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சோளமாவு டப்பாவின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். மாசிக் கட்டையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் உருட்டினாள். முழங்கை நீளம் இருந்தது சீவிச் சீவிச் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்திருந்தது. சுத்தமாக வைத்திருக்கிறேனா என்று பார்க்கிறாள் என நினைத்து ஜுல்ஃபிகர் வாசலிலேயே நின்றான்.

சரியாக நாலரைக்கு ஜன்னலோரம் தட்டு வைத்தான். மழை ஆரம்பித்துவிட்டது. அவள் பூசணிக்காயில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள், அழுத்தினாள், நிறுத்தினாள். சூப்பைக் கரண்டியால் மொண்டாள். அது கரண்டியிலிருந்து மெல்ல, கனமாக வழிந்தது. அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

“என்ன புள்ள, உப்பு போதலியா?”

“மச்சான், இது மோரி அம்மா தட்டு.”

“யாரு அது?”

“நான் ஊட்டிவிடுற அம்மா. தொண்ணூத்தொரு வயசு. பல்லு கெடையாது, தண்ணியா எது குடுத்தாலும் புரை ஏறிடும். அதான் கெட்டியா, அதான் சின்னச் சின்னதா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்கு நீங்க திடீர்னு கேட்டீங்க, என்ன சாப்பிட்டேன்னு. என் கண்ணுக்கு முன்னால அவங்க தட்டுதான் நின்னுச்சு. அதைச் சொன்னேன். நானே வைப்பேன்னு நீங்க கெளம்பிட்டீங்க.”

“அப்ப நீ?”

“எதுல என்ன ஹராம் கலந்திருக்கோன்னு பயம். வேலை முடிஞ்சு அறைக்கு வந்து சேந்தாலே உடம்பு விழுந்துடும். சோறும் முட்டையும், உம்மா குடுத்தனுப்புன மாசிச் சம்பலும். கையாலதான் சாப்பிட்டேன்.”

ஜுல்ஃபிகர் குச்சிகளைக் கீழே வைத்தான். நாற்பத்தொரு வயதில், முப்பத்திரண்டு பல்லோடு, இரண்டு வருஷமாகப் பல்லில்லாத ஒரு கிழவியின் சாப்பாட்டைச் சாப்பிட்டு வந்திருக்கிறான். அதுகூடப் பரவாயில்லை. தினமும் சேர்ந்து சாப்பிட்டதாக நினைத்தானே, அதுதான் வலித்தது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லியிருக்கலாமே புள்ள.”

“நெனச்சேன். சித்திரையில அந்த அம்மா மௌத்தாயிட்டாங்க மச்சான். அதுக்கப்புறம் அப்படி ஒரு தட்டே கெடையாது. மூணு மாசமா நானாத்தான் நெனச்சு நெனச்சுச் சொன்னேன். இன்னைக்குக் கத்தரிக்காய், இன்னைக்கு மீனுன்னு. விட மனசு வரலை.” இன்னொரு துண்டு பூசணிக்காயை எடுத்தாள். “அவ்வளவு நாள் ஊட்டியிருக்கேன், ருசி பாத்ததில்லை. இப்பத்தான் தெரியுது. நல்லாத்தான் சாப்பிட்டிருக்காங்க.”

அவள் தட்டைக் காலி செய்தாள். கரண்டியை விட்டுவிட்டுக் கையால் எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ஜுல்ஃபிகர் கண்ணை மூடிக்கொண்டான். போனில் இத்தனை நாள் கேட்ட அதே சத்தமின்மை. அது ஜப்பானும் இல்லை, நாகரிகமும் இல்லை. இவள் கையால் சாப்பிடுகிற சத்தம்தான் அது.

“போகாதே,” என்றான். கேட்டதா என்று தெரியவில்லை. மழை பெரிதாகப் பெய்துகொண்டிருந்தது.

ருக்சார் எழுந்து கை கழுவிவிட்டு, அடுப்படியிலிருந்து மாசிக் கட்டையோடு வந்தாள். பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

“நீங்களும் என்னை மாதிரி சும்மாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன் மச்சான். பீர் முகைதீன் காக்கா கடையில பரோட்டாவைத் தின்னுட்டு, பூசணிக்கா வச்சேன்னு கதை விடுறீங்கன்னு. அப்படி இருந்தா இங்க எனக்காக யாரும் காத்துக்கிட்டில்ல, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு நெனச்சுத்தான் வந்தேன்.” ஈரக் கையால் மாசிக் கட்டையை எடுத்து அந்தத் தாளின் மேல் பாரமாக வைத்தாள். “இதைப் பாத்ததுமே போகலைன்னு ஆயிடுச்சு. நீங்களா போகாதேன்னு சொல்ற வரைக்கும் பேசாம இருக்கலாம்னு இருந்தேன். ரெண்டு வருஷமாச்சு உங்களுக்கு.”

அவள் சாய்ந்து உட்கார்ந்து, கடல் தாண்டி வரப்போகிற இருட்டைப் பார்ப்பவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“நாளைக்குப் பூசணிக்காயைக் கொஞ்சம் முன்னாடியே எறக்கிடுங்க,” என்றாள். “எனக்கு இன்னும் பல்லு இருக்கு.”